வாழைப்பழத்தில் தடுப்பூசி வருமா?

அந்தியூர்ப் பக்கம் வாழையும் மக்காச்சோளமும் வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவர் சொன்னபடியே தருகிறேன்:

"ஏனுங்கண்ணா, வாழைப்பழத்துக்குள்ளயே தடுப்பூசி மருந்து இருக்கற மாதிரி மரபணு மாத்தின வாழை கண்டுபிடிச்சுட்டாங்களாமா. குழந்தைக்கு ஊசியே வேண்டாம், பழத்தை மசிச்சு ஊட்டுனாப் போதும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. நெசந்தானுங்களா? அந்தக் கன்னு நமக்குக் கெடைக்குமுங்களா? இன்னொருத்தரு, இதையெல்லாம் நமக்குத் தெரியாமத் தக்காளியிலயும் கீரையிலயும் கலந்து வித்துருவாங்கங்கறாரு. எங்க பாப்பாவுக்குப் பத்தாவது வாரத்து ஊசி போடோணும். ஊட்ல, 'இன்னும் ரெண்டு வருசத்துல பழமே வந்துருமாமா, எதுக்குப் புள்ளைய அழ வெக்கறது'ன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

கடைசிக் கேள்விக்குப் பதில் ஒரே வரிதான். தள்ளிப்போடாதீர்கள், வருகிற புதன்கிழமையே போட்டுவிடுங்கள். மற்றதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் இல்லை. கால்நடை மருத்துவன், நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் 25 வருஷம் அலைந்தவன். ஆனால் தடுப்பு மருந்தை வாய்வழியாகக் கொடுப்பது எங்களுக்கு அன்றாடப் பிழைப்பு. ஒரு கொட்டகையில் பத்தாயிரம் கோழி நிற்கும்போது, நினைத்தபோதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக் குத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் தின்கிற பொருளிலேயே மருந்து என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அதை ஆசையோடு கவனித்து வருகிறேன். அந்த ஆசை எங்கே போய் நின்றது என்று சொன்னாலே உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில், இது முழுப் புளுகு இல்லை. உங்கள் பாப்பாவுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான மருந்தும் ஒன்று. அதில் இருப்பது வைரஸ் அல்ல. வைரஸின் மேல்புறத்தில் இருக்கும் ஒரே ஒரு புரதம். உடம்பு அந்தப் புரதத்தை ஒருமுறை பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டால், பின்னால் வைரஸே வந்தாலும் மடக்கிவிடும். இந்தப் புரதத்தை, ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் செய்து கொடுக்கிறது. வைரஸின் மரபணுவில் ஒரு துண்டை ஈஸ்ட்டுக்குள் வைத்து, பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்து எடுக்கிறார்கள். நம் நாட்டில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் இப்படி ஒரு மருந்தைக் கொண்டுவந்த பிறகுதான் அதன் விலை சாமானியர் கைக்கு எட்டியது. ஈஸ்ட் செய்கிற வேலையைச் செடி செய்யாதா? செய்யும்.

மண்ணில் அக்ரோபாக்டீரியம் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. செடியின் காயத்தில் புகுந்து, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடிக்குள் சொருகிவிடும். அந்த இடத்தில் கழலை மாதிரி முண்டு கிளம்பும். முண்டு கிளப்புகிற துண்டை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய துண்டை அங்கே வைத்தால், அதையும் அதே விசுவாசத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருந்த சார்லஸ் ஆர்ன்ட்சன் என்பவரின் குழு 1992-ல் இந்த வழியில் ஹெபடைடிஸ் பி புரதத்தைப் புகையிலைச் செடியில் வரவழைத்துக் காட்டியது. பாங்காக் சந்தையில் ஒரு தாய் அழுகிற குழந்தையின் வாயில் வாழைப்பழத்தை வைத்து அமர்த்தியதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை உருப்பெற்றது என்று சொல்வார்கள். குளிர்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், பயிற்சி பெற்ற ஆள் வேண்டாம். ஏழை நாடுகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் வாட்ஸ்அப் செய்தி அந்தக் காலத்துக் கனவின் எச்சம்தான். முப்பது வருஷம் பழைய கனவு இன்றைக்குக் காலையில் கிளம்பிய செய்தி மாதிரி உங்கள் போனுக்கு வந்திருக்கிறது.

மனிதர்கள் தின்று பார்த்த முதல் சோதனை 1998-ல் வெளிவந்தது. வாழைப்பழத்தில் இல்லை, உருளைக்கிழங்கில். மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டியில் மூட்டை மூட்டையாக இறங்குகிறதே, அதே கிழங்குதான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சில் ஒரு தீங்கில்லாத பகுதியைக் கிழங்குக்குள் வரவழைத்தார்கள். 14 பேர் முன்வந்தார்கள். 11 பேருக்கு அந்தக் கிழங்கு, மற்ற மூன்று பேருக்குச் சாதாரணக் கிழங்கு. 50 கிராம் அல்லது 100 கிராம், தோலை உரித்து, பச்சையாக. ஆமாம், பச்சையாக. வேக வைத்தால் மருந்துப் புரதமும் வெந்து உருக்குலைந்துவிடும். 11 பேரில் 10 பேரின் ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் பொருள், நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. உலகமே கை தட்டியது. எங்கள் விடுதியில்கூட அன்றைக்கு இதே பேச்சு. ஒருவன் சமையல்கூடத்திலிருந்து ஒரு பச்சை உருளைக்கிழங்கை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இதுக்கு ஊசியே தேவலாம்டா" என்று துப்பினான். அவன் சொன்னதில் விஷயம் இருந்தது என்று பிறகு தெரிந்தது. பச்சை உருளைக்கிழங்கு மாப்பசை மாதிரி வாயில் ஒட்டும், கார்ப்பும் கசப்புமாக இருக்கும். அதனால்தான் பச்சையாகத் தின்னக்கூடிய வாழை, தக்காளி, கீரை என்று தேடிப் போனார்கள்.

சரி, கிழங்கில் வந்தது வாழையில் ஏன் வரவில்லை? இங்கேதான் மொத்தக் கதையும் இருக்கிறது. செடியைப் புரதம் செய்ய வைப்பது ஒரு நாளும் பெரிய தடையாக இருந்ததில்லை. தடை அளவு. மருந்து என்றாலே அளவுதான். பழத்துக்கு அளவு கிடையாது.

உங்கள் தோட்டத்திலேயே இதைச் செய்து பாருங்கள். போன ஆடியில் எங்கள் சாளையில் ஒரு ரஸ்தாளித் தார் வெட்டினோம். சும்மா ஒரு குறும்புக்காகச் சமையலறைத் தராசில் பழங்களை எடை போட்டுப் பார்த்தேன். மேல் சீப்பில் ஒரு பழம் 120 கிராம். கடைசிச் சீப்பில் ஒன்று 70 கிராம்கூட வரவில்லை. மேல் சீப்பு பழுத்து மஞ்சளானபோது கீழ்ச்சீப்பு பச்சையாகத்தான் தொங்கியது. காய் பழமாகும்போது உள்ளே இருக்கும் மாவு சர்க்கரையாவது மாதிரி, புரதங்களும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே மரம், ஒரே தார், ஒரே உரம், ஒரே வாய்க்கால் தண்ணீர். அதிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் கோபியில் விளைந்த பழத்துக்கும் சத்தியில் விளைந்த பழத்துக்கும், தை மாதத்துத் தாருக்கும் சித்திரை மாதத்துத் தாருக்கும் என்ன கணக்கு? அப்புறம் குழந்தை முழுப்பழம் தின்றதா, பாதியைத் துப்பியதா என்று யார் எழுதி வைப்பது? ஊசியில் அரை மில்லி என்றால் அரை மில்லி. அதில் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு கணக்கு. ஹெபடைடிஸ் பி ஊசியில் பெரியவர்களுக்குப் போடுவது 20 மைக்ரோகிராம் புரதம். 2005-ல் அமெரிக்காவில் பஃபலோ நகரில் யாஸ்மின் தானாவாலா குழுவினர் இதே புரதம் உள்ள உருளைக்கிழங்கை ஏற்கெனவே ஊசி போட்டவர்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள். ஒரு வேளைக்கு 100 கிராம் கிழங்கு, அதில் சுமார் 850 மைக்ரோகிராம் புரதம். ஊசி அளவைப் போல நாற்பது மடங்குக்கு மேல். அப்படியும் மூன்று வேளை தின்றவர்களில் 16 பேருக்கு 10 பேரிடம்தான் ஆன்டிபாடி ஏறியது. வாய்வழி என்றால் இவ்வளவு அள்ளிக் கொட்ட வேண்டும் என்பது அதில் தெரிந்தது.

வாழைக்கு வருவோம். அதே 2005-ல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நம் ஆட்களே ஹெபடைடிஸ் பி புரதத்தை வாழைச் செடியில் கொண்டுவந்தார்கள். அதுவும் ரஸ்தாளியில். அதனால் 'வாழையில் தடுப்பு மருந்து கண்டுபிடித்தாச்சு' என்பது எழுத்தளவில் பொய்யில்லை. ஆனால் எவ்வளவு கிடைத்தது தெரியுமா? இலையில் ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 38 நானோகிராம். நானோ என்பது மைக்ரோவில் ஆயிரத்தில் ஒன்று. கிழங்கில் கொடுத்த 850 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு 22 கிலோ வாழை இலை தின்ன வேண்டும். கல்யாணப் பந்தியில் இலையையும் சேர்த்து மேய்கிற ஒரம்பரைக்குக்கூட இது ஆகாது. அந்த விஞ்ஞானிகளைக் குறை சொல்லவில்லை, அது உண்மையிலேயே நல்ல வேலை. வாழை அப்படிப்பட்ட பயிர். பழத்தில் நூற்றுக்கு ஒரு பங்குதான் புரதம். கன்று வைத்துத் தார் வெட்ட வருஷம் ஆகும். ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாழைக்கு இருக்கும் ஒரே வசதி, நாம் தின்கிற பழத்தில் விதை கிடையாது, கன்றில்தான் பெருகும். அதனால் மகரந்தம் வழியாகப் பக்கத்துத் தோட்டத்துக்குப் பரவும் பயம் குறைவு.

வாய்வழி ஏன் இவ்வளவு அதிகம் கேட்கிறது என்று கேட்பீர்கள். வயிற்றில் அமிலம் இருக்கிறது, புரதத்தைக் கண்டால் இட்லி என்றும் மருந்து என்றும் பார்க்காமல் அறுத்துப் போடும். அதைத் தாண்டிக் குடலுக்குப் போனால் அங்கே வேறொரு சிக்கல். குடலின் வேலையே வருகிறவற்றோடு சமாதானமாகப் போவதுதான். தினமும் மூன்று வேளை ஆயிரம் விதமான அந்நியப் புரதம் உள்ளே வருகிறது. கம்மஞ்சோற்றையும் மோரையும் பகையாளி என்று நினைத்து உடம்பு சண்டைக்குக் கிளம்பினால் நாம் பிழைக்க முடியுமா? அதனால் சாதுவான புரதத்தைக் குடல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடப் பழகியிருக்கிறது. தப்பாகக் கொடுத்தால், 'இந்தப் புரதம் சோறு மாதிரிதான், எதிர்க்க வேண்டாம்' என்று உடம்புக்கு நாமே சொல்லிக் கொடுத்தது போல ஆகிவிடும். தடுப்பு மருந்துக்கு நேர் எதிர் வேலை அது. ஈ.கோலை நச்சும் காலரா நச்சும் நன்றாக வேலை செய்ததற்குக் காரணம், அவை குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. 'நான் வெறும் சாப்பாடு இல்லை' என்று கதவைத் தட்டிச் சொல்கிற புரதங்கள்.

'அப்படின்னா போலியோ சொட்டு மருந்து எப்படிங்க வேலை செய்யுது? அதுவும் வாயிலதானே ஊத்தறாங்க?' என்று நீங்கள் கேட்கலாம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும், அதனால் கோழிக் கொட்டகைக்கு வாருங்கள்.

நம் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்கிற நோய்க்கு, பெரிய பண்ணைகளில் லசோட்டா மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுப்போம். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் வேலை. ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தி வைப்போம், கோழிக்குத் தாகம் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, மூடியைத் தண்ணீருக்குள் வைத்தே திறந்து கலப்போம். அதற்கு முன்னால் கொழுப்பு நீக்கிய பால்பவுடரை லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் கரைத்திருப்போம். தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால் பால் அதை வாங்கிக்கொள்ளும். கூடவே கொஞ்சம் நீலச் சாயம். தண்ணீரை விட்ட அரைமணி நேரத்தில் கோழிகளைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தால், குடித்த கோழியின் நாக்கு நீலமாக இருக்கும். எப்போதும் கொஞ்சம் கோழிகளின் நாக்கு சுத்தமாக இருக்கும். முரட்டுக் கோழி முண்டியடித்து இரண்டு பங்கு குடித்துவிடும், நோஞ்சான் மூலையில் நிற்கும். அளவு என்கிற பேய் அங்கேயும் விடாது.

ஒரு பண்ணையில் நானே ஏமாந்திருக்கிறேன். முதல்நாள் சாயங்காலம் யாரோ மேல்தொட்டியில் குளோரின் போட்டிருக்கிறார்கள், என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பால்பவுடருக்கு மிஞ்சிய குளோரின். மருந்து தொட்டியிலேயே செத்துவிட்டது. நாக்கெல்லாம் அழகாக நீலமாகத்தான் இருந்தது! மூன்றாவது வாரம் கழிச்சல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து தொட்டித் தண்ணீரை மோந்து பார்க்காமல் குப்பியைத் திறப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோழி மருந்தும் போலியோ சொட்டும் உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ்கள். உள்ளே போய்ப் பெருகும். இரண்டு சொட்டு போனாலும் குடலில் அது லட்சமாகிவிடும். அளவில் முன்னே பின்னே இருந்தால் பெருக்கம் அதைச் சரிக்கட்டிவிடும். செடியில் செய்கிற புரதத்துக்கு உயிர் கிடையாது. தின்றது எவ்வளவோ அவ்வளவுதான். விதை போட்டு விளைவிப்பதற்கும், விளைந்த மூட்டையை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

பெருகுகிற மருந்துக்கே நம் நாட்டுக் குடலில் சிரமம் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேல்நாட்டில் மூன்று முறை கொடுத்தால் பிடிக்கிற போலியோ சொட்டு நம் குழந்தைகளுக்கு அத்தனை முறையில் பிடிப்பதில்லை என்று ரொம்ப காலம் முன்பே கண்டு சொன்னார். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற கிருமிகள், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு எல்லாம் காரணம். 1995-ல் ஆரம்பித்து வருஷா வருஷம் திரும்பத் திரும்பச் சொட்டு போட்டு, 2011 ஜனவரியில் ஹௌராவில் வந்த குழந்தையோடு போலியோ முடிந்தது. உயிருள்ள மருந்துக்கே இத்தனை முறை என்றால், உயிரில்லாத புரதத்தைப் பழத்தில் வைத்து ஒரே வேளையில் வேலையை முடிப்பது எப்படி?

அதற்காக இந்த வழி செத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்த வேலை ஜப்பானில் நடக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி கியோனோ, யோஷிகாசு யூகி ஆகியோரின் குழு காலரா நச்சின் தீங்கில்லாத பகுதியை அரிசிக்குள் வைத்தது. கிழங்கில், பழத்தில் இல்லாத ஒரு குணம் அரிசிக்கு உண்டு. நெல்மணி முளைக்கும்போது பயன்படுத்தப் புரதத்தைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கும். மருந்துப் புரதமும் அந்தப் பொட்டலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வயிற்று அமிலம் சட்டென்று பிரிக்க முடியாத பொட்டலம். ஒன்றரை வருஷம் சாதாரண அறை வெப்பத்தில் வைத்தும் கெடவில்லை என்று 2007-ல் வெளியிட்டார்கள். குளிர்பெட்டி வேண்டாம் என்ற பழைய கனவில் ஒரு பங்கு அங்கே நிறைவேறியது.

ஆனால் அவர்கள் அதைச் சோறாக்கிப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். மூடிய கட்டடத்துக்குள், மண்ணில்லாமல், விளக்கு வெளிச்சத்தில் பயிர் செய்து, தீட்டி, மாவாக அரைத்து, கிராம் கணக்கில் நிறுத்து, உப்புநீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். 1 கிராம், 3 கிராம், 6 கிராம் என்று மூன்று அளவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 60 ஆண்களிடம் நடந்த முதல் கட்டச் சோதனை 2021-ல் வெளிவந்தது. பாதகம் பெரிதாக எதுவும் இல்லை. அளவு கூடக் கூட ஆன்டிபாடியும் கூடியது. ஆனால் மருந்து குடித்த 30 பேரில் 11 பேரிடம் ஏற்றம் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. காரணத்தைத் தேடிப் போனால் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் வகைதொகை. வேலூர்க்காரர் சொன்ன அதே குடல் கதை டோக்கியோவிலும்!

அளவு சரியாக வந்தபோது அது அரிசி என்ற பெயரை இழந்து மருந்து மாவாகிவிட்டது. எனக்குத் தெரிந்து இந்த வழியில் வெற்றி என்று ஏதாவது வந்தால் இப்படித்தான் வரும். மாத்திரையாக, பவுடராக, மருந்துக்கடையில், காலாவதித் தேதியோடு. அமெரிக்காவில் கீரை இலையை உலர்த்திப் பொடித்துக் குப்பியில் அடைக்கும் வழியில் வேலை செய்யும் ஹென்றி டேனியல் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் என்ற துணுக்குக்குள் மரபணுவை வைக்கும் முறையில் பேர் பெற்றவர். ஓர் இலைச் செல்லுக்குள் பசுங்கணிகங்கள் நூறு அளவில் இருக்கும், அதனால் புரதமும் கொட்டும். பெரும்பாலான பயிர்களில் பசுங்கணிகம் மகரந்தத்தில் போகாது என்பது உபரி லாபம்.

செடியில் செய்து ஊசியாகவே போடுவதும் நடந்தது. கனடாவின் மெடிகாகோ, புகையிலைக்கு உறவான ஆஸ்திரேலியச் செடி ஒன்றில் கோவிட் தடுப்பு மருந்து செய்து 2022 பிப்ரவரியில் அனுமதியும் வாங்கியது. அடுத்த வருஷமே தாய் நிறுவனம் கடையைச் சாத்திவிட்டது. எங்கள் கோழிக்கும் ஒரு கதை உண்டு. 2006-ல் டௌ அக்ரோசயின்சஸ், புகையிலைச் செல்களைத் தொட்டியில் வளர்த்துச் செய்த ராணிக்கெட் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செடிவழி தடுப்பு மருந்துக்குக் கிடைத்த முதல் அனுமதி அதுதான். விற்பனைக்கு வரவே இல்லை. ஏற்கெனவே மலிவாக, நன்றாக வேலை செய்கிற மருந்து இருக்கும்போது யார் வாங்குவார்கள்?

இனி, 'தெரியாமல் கலந்துவிடுவார்கள்' என்கிற பயம். வேண்டுமென்றே யாரோ தக்காளியில் கலந்து உங்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட முடியாது என்பதற்கு மேலே சொன்ன அளவுக் கணக்கே சாட்சி. வேக வைத்தால் போச்சு, குறைந்தால் பயனில்லை, சாதாரணமாகத் தின்றால் குடல் கண்டுகொள்ளாது. இந்தப் பயம் அமெரிக்காவிலும் உண்டு. 2021-ல் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகம் கீரையில் எம்ஆர்என்ஏ மருந்து செய்ய முடியுமா என்று ஆராயப் பணம் வாங்கியதும் புரளி கிளம்பியது. டென்னசி மாநிலம் 2024-ல் தடுப்பு மருந்து உள்ள உணவு மருந்தாகவே கருதப்படும் என்று சட்டமே போட்டது. கடையில் இல்லாத கீரைக்குச் சட்டம்!

ஆனால் தெரியாமல், கவனக்குறைவால் கலப்பது வேறு. அந்தப் பயம் நியாயமானது. 2001-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ப்ரோடிஜீன் என்ற நிறுவனம் மருந்துப் புரதம் செய்யும் மக்காச்சோளத்தைச் சோதனைக்காகப் பயிரிட்டது. அடுத்த வருஷம், 2002-ல், அதே நிலத்தில் சோயா. கீழே சிந்திய சோளம் தானாக முளைத்து சோயாவோடு அறுவடையாகிக் கிடங்குக்கே போய்விட்டது. 5 லட்சம் புஷல், நம் கணக்கில் சுமார் 13,600 டன் சோயா வீணானது. அதே வருஷம் ஐயோவாவில், மகரந்தம் கலந்திருக்குமோ என்ற பயத்தில் பக்கத்து நிலத்தில் 155 ஏக்கர் மக்காச்சோளத்தைப் பிடுங்கி எரித்தார்கள். நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம், கிடங்குச் செலவு தனி.

உடுமலையிலிருந்து நாமக்கல் வரை நம் பக்கம் மக்காச்சோளம் எப்படி விளைகிறது என்று உங்களுக்குத் தெரியும். வேலிக்கு வேலி அடுத்த தோட்டம், காற்றில் பறக்கும் மகரந்தம், அறுத்ததும் களத்தில் எல்லாருடையதும் ஒன்றாகக் காய்ந்து, ஒரே லாரியில் தீவன மில்லுக்குப் போகிறது. இந்த ஊரில் திறந்த வெளியில் மருந்துச் சோளம் என்று யாராவது வந்தால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன். மரபணு மாற்றம் என்றாலே விஷம் என்று பேசுகிறவன் நான் இல்லை; ஆனால் உணவுப் பயிரில் மருந்து செய்வதென்றால் மூடிய கட்டடம், இல்லாவிட்டால் வேண்டாம்.

எனக்கு இன்னும் ஒரு நப்பாசை உண்டு, அது மாடுகள் பக்கம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். எஸ். ஷைலா குழுவினர் வெக்கை நோய் வைரஸின் புரதத்தை நிலக்கடலைச் செடியில் வரவழைத்து, அதை மாடுகளுக்குத் தின்னக் கொடுத்து, ஆன்டிபாடி ஏறியதை 2003-ல் காட்டினார்கள். கடலைக்கொடி! நம் மாடு எப்படியும் தின்கிற கடலைக்கொடி. பச்சையாகத் தின்னும், வேக வைக்கக் கேட்காது. அந்த நோயையே ஊசி போட்டு 2011-ல் உலகத்திலிருந்து ஒழித்துவிட்டார்கள், அதனால் அந்த மருந்துக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் செடிவழி வாய் மருந்து காங்கேயம் மாட்டுத் தொட்டிக்கு வந்த பிறகுதான் குழந்தையின் கிண்ணத்துக்கு வரும் என்பது என் கணிப்பு. அதுவும் கொடியாக வராது, எடை போட்ட தீவன வில்லையாகத்தான் வரும்.

கன்று கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்காது. யாராவது 'தடுப்பூசி வாழை' என்று திசு வளர்ப்புக் கன்று விற்க வந்தால், அவர் எல்லாரும் வைக்கிற ஜி-9 ரக வாழைக் கன்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நம் நாட்டில் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் வந்த விதிகளின்படி, மத்தியக் குழுவின் அனுமதி இல்லாமல் மரபணு மாற்றிய எதையும் நிலத்தில் வைக்க முடியாது. விவசாயி கைக்கு முறையாக வந்தது 2002-ல் பி.டி. பருத்தி ஒன்றுதான். கத்தரிக்காயை 2010-ல் நிறுத்திவைத்தார்கள். அதில் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கு எடுத்திருந்தது. கடுகு 2022-ல் அனுமதி வாங்கியும் நீதிமன்றத்தில் நிற்கிறது. பூச்சிக்கும் விளைச்சலுக்குமே இந்த நிலை. மருந்து வாழை இந்த வரிசையிலேயே இல்லை.

உங்கள் வீட்டு நாட்டுக்கோழிகளுக்கு ஊசியில்லாத மருந்து வேண்டுமென்றால் அது இப்போதே உண்டு. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், சூடு தாங்கும் ராணிக்கெட் தடுப்பு மருந்தைத் தீவனக் குருணையாகவே செய்திருக்கிறது. மரபணு மாற்றிய செடி எதுவும் அதில் இல்லை. உயிருள்ள மருந்து என்பதால் தின்றால் பிடிக்கும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் முகாம் போடும்போதும் கேட்கலாம்.

பாப்பாவுக்கு: புதன்கிழமை காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள், தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம். நாள் தள்ளிப்போனதால் முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். போலியோவும் ரோட்டா வைரஸும் அங்கேயும் வாயில்தான் ஊற்றுவார்கள். தொடையில் போடுவதற்குத்தான் அழுவாள். வீட்டில் தங்கச்சி ரொம்பச் சங்கடப்பட்டால், ஊசி போட்ட கையோடு அங்கேயே பால் கொடுக்கச் சொல்லுங்கள். அழுகை சீக்கிரம் அடங்கும். ரஸ்தாளியை ஆறு மாதம் முடிந்த பிறகு மசித்து ஊட்டலாம்.